பூசையில் வைத்த கார்ச் சாவி

சண்முகராஜா கார் வாங்கிய நாளிலிருந்து அவருடைய கட்டைவிரலுக்குத்தான் வேலை கூடிப்போனது. பூட்டுவதற்கு ரிமோட்டை ஒரு தடவை அழுத்தினால் போதும் என்று விற்றவன் தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்திருந்தான். இவர் மூன்று தடவை அழுத்துவார். கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி நின்று இன்னொரு தடவை அழுத்துவார். விளக்குகள் கண்ணடித்த பிறகுதான் மனுசனுக்கு மூச்சு ஒழுங்காக வரும். அவர் மனைவி மங்களேஸ்வரிக்கு இதைப் பார்க்கச் சிரிப்பாக வரும். மாத்தளையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மொத்தமாக விற்கிற மனுசன், கடைக் கதவுக்குக்கூட ஒரு பூட்டுத்தான் போடுவார். காருக்கு மட்டும் இத்தனை உபசாரம்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த புரட்டாசியில் சரஸ்வதி பூசை வந்தது. மங்களேஸ்வரி பூசை வைத்தால் அரைகுறையாக வைக்க மாட்டாள். கடைத் தராசு, எடைக்கற்கள், கணக்குப் புத்தகங்கள், மகன் லோகநாதன் படித்து முடித்துவிட்ட பாடப் புத்தகங்கள், தையல் கத்தரிக்கோல் என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து வெள்ளைத் துணியில் பரப்பினாள். அந்த வருடம் புதிதாகக் கார்ச் சாவியும் சேர்ந்தது. சாவிக்கும் ரிமோட்டுக்கும் தாராளமாகவே சந்தனம் பூசினாள். இடம் போதவில்லை. அதனால் எடைக்கற்களைச் சாவிக்கு மேலேயே அடுக்கினாள். கல்லுக்கு அடியில் பொத்தான் இருக்கிறதே என்று யாருக்குத் தோன்றும்?

கடைசியாக மகனுடைய அடையாள அட்டையை எடுத்து, அதிலிருந்த அவன் முகத்துக்கும் தாராளமாகக் குங்குமம் பூசி, வெற்றிலையில் வைத்துச் சரஸ்வதி படத்துக்கு நேரே வைத்தாள். இதை வேறு ஊர்க்காரர் பார்த்தால் சிரிப்பார்கள். சரஸ்வதிக்கு முன்னால் அடையாள அட்டைக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்குப் பிறந்தபோதே ஒரு நாடு இருந்திருக்கும். மங்களேஸ்வரி பிறந்தது எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலிக்காரர் வரிசை வீடுகளான லயத்தில். அவளுடைய அப்பா இந்தியாவுக்கும் இல்லாமல் இலங்கைக்கும் இல்லாமல், இரண்டு பக்கத்து அரசாங்கக் கச்சேரிகளுக்கும் நடந்தே கிழவராகி, எந்த நாட்டுப் பிரசையும் ஆகாமலே போய்ச் சேர்ந்தார். அவளுக்குப் பிரசாவுரிமை கிடைத்தபோது தலை நரைத்துவிட்டது. லோகுவுக்கு அட்டை வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவள் கண்ணுக்கு அதைவிடப் பெரிய படிப்புப் பத்திரம் வீட்டில் எதுவும் இல்லை.

மறுநாள் விடியலில் விளக்குக்கு எண்ணெய் விட வந்தவள், எடைக்கல்லின் ஓரத்தில் ஒரு சிவப்பு ஒளியைக் கண்டாள். குங்குமப் பொட்டு ஒன்று தானாகவே எரிவதுபோல, மிகச் சின்னதாக, அசையாமல் இருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தாயே, வந்துவிட்டாயா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலித்தது குறைந்துவிடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் லோகு குளித்துவிட்டு வந்தான். அன்றைக்குத் தம்புள்ளைச் சந்தைக்கு ஜுனைதீனின் லொறி போகிற நாள். ஜுனைதீன் அவர்களுக்குப் பல வருடமாகச் சரக்கு ஏற்றுகிறவர்; சரக்கு எடுக்க லோகுவும் வாராவாரம் கூடப் போவான்.

"அம்மா, ஐடென்டிய எடுத்துக்கிறேன்."

"வெச்சத எடுக்கக் கூடாதுடா. மறுபூச முடியட்டும்."

"மறுபூச முடியுறப்ப நான் தம்புள்ளையில இருப்பேன். வழியில செக்பொயின்ட் இருக்கும்மா."

"போட்டோக்கொப்பிதான் வெச்சிருக்கியே, அதக் காட்டு. வாராவாரம் போற புள்ளய அவங்களுக்குத் தெரியாதா? கண்ணு, அம்மா பேச்சக் கேளு."

லோகு கேட்டான். அவன் எப்போதுமே கேட்கிற பிள்ளை. வெள்ளைத் துணியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். இந்த ஒரு தடவை கேட்காமல் போயிருக்கலாம்.

மறுபூசைக்குப் பொங்கல் பானை கொதித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஜுனைதீன்தான் பேசினார்.

"அக்கா, பதறாதீங்க. லோகுவ எறக்கிட்டாங்க. கொப்பி செல்லாதாம். புது ஆமிக்காரங்க, ஒருத்தனுக்கும் நம்மளத் தெரியல. நாலந்தா தாண்டி இருக்கிற பொலிசுல குடுத்திருக்காங்க. பகலைக்கு ஒரு ட்ரக் கண்டிக்குப் போகுது. அதுல ஏத்திட்டாங்கன்னா அப்பறம் எங்க போயித் தேடுறது? ஒரிஜினலக் கொண்டாந்தா விடுறேன்னு சார்ஜன்ட் சொல்றாரு. வெரசா வாங்க."

மங்களேஸ்வரி ரிசீவரை வைக்கவில்லை. அது கையிலிருந்து நழுவித் தொங்கியது. அந்தக் காலத்தில் ட்ரக்கில் ஏறிய தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி மாத்தளையில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். வராதவர்களின் தாய்மார் முத்துமாரியம்மன் கோயில் வாசலில் வெள்ளிக்கிழமைதோறும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் தானும் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கணம் தோன்றியது அவளுக்கு.

சண்முகராஜா எடைக்கற்களைத் தள்ளிவிட்டுச் சாவியை எடுத்தார். அவள் அட்டையை வெற்றிலையோடு அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். தெருமுனையில் மரம் விற்கிற பலீல் நானாவின் மடுவத்துக்குள் கார் நின்றது. அவர்கள் வீட்டுச் சந்துக்குள் கார் நுழையாது. ரிமோட்டை ஒரு தடவைக்கு நாலு தடவை அழுத்திய பிறகுதான் கதவு திறந்தது. ஈரம் பட்டிருக்கும் என்றார் அவர். காருக்குள் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரின் காலடியில் அட்டையை வெற்றிலையோடு வைத்தாள். பூசையை முறித்துவிட்டோமே, மகனிடம் போகும்வரைக்கும் சாமி காலடியிலாவது இருக்கட்டும் என்றுதான் வைத்தாள்.

வழியெல்லாம் அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ சொன்னதால்தானே விட்டுவிட்டுப் போனான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ்களெல்லாம் ஹாரன் அடித்து முந்திப் போக, உதட்டைக் கடித்தபடி ஓட்டினார்.

பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் மணல் மூட்டைகளும் மண் நிரப்பிய தார்ப் பீப்பாய்களும் அடுக்கியிருந்தன. வாசலில் நின்ற இளம் பொலிஸ்காரன் காரை எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினான். நிறுத்தினார்கள். முற்றத்தில் ட்ரக் நின்றது. அதன் பக்கத்தில் தரையில் ஐந்து பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். ஓரத்தில் நீலச் சட்டையோடு இருந்தவன் லோகு. அதைப் பார்த்த பிறகு அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இறங்கி ஓடினாள். அவரும் இறங்கினார். பழக்க தோசத்தில் கட்டைவிரல் தன் வேலையைப் பார்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

வாசலில் பொலிஸ்காரன் இவர்கள் இருவருடைய அட்டையையும் வாங்கிப் பார்த்தான். மகனுடையது எங்கே என்று சிங்களத்தில் கேட்டான்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"நீங்க எடுக்கலியா?"

"உன் கையிலதானே இருந்துச்சு!"

இரண்டு பேரும் காருக்குத் திரும்பினார்கள். சண்முகராஜா ரிமோட்டை அழுத்தினார். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினார். கண்ணாடியோடு ஒட்டி வைத்து அழுத்தினார். உதறினார், ஊதினார், சட்டையில் தேய்த்தார். ஒன்றுக்கும் அசையவில்லை. கண்ணாடிக்கு உள்ளே பிள்ளையாரின் காலடியில் லோகுவின் முகம், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் குங்குமத்தோடு, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சாவியப் போட்டுத் தொறங்களேன்!"

"ரிமோட்ட அமுக்காம தொறந்தா சைரன் அலறும் மங்களம். ஊரே எந்திரிக்கும்னு சொல்லித்தான் மாட்டிக் குடுத்தான். இந்த எடத்துல அலற விட்டா சுட்டுப்புடுவானுங்க."  பேசும்போதும் அவர் விரல் அழுத்திக்கொண்டேயிருந்தது.

"ஒய அத்தே மொகக்த?"

கையில் என்ன அது என்று கேட்டவன் வாசலில் நின்ற அதே பொலிஸ்காரன். துப்பாக்கி இப்போது தோளில் இல்லை, நேராக நீட்டியிருந்தது. ஒரு தமிழன் பொலிஸ் நிலையத்துக்கு எதிரே காரை விட்டுவிட்டு வந்தான். பிறகு கறுப்பாக எதையோ கையில் பிடித்துக்கொண்டு அதன் பொத்தானை விடாமல் அழுத்துகிறான். அந்த வருடத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். சண்முகராஜா இரண்டு கையையும் தூக்கினார், ரிமோட்டோடு. விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது. பொலிஸ்காரன் அலறினான். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் தட்டிகள் படபடவென்று இறங்கின.

"கீழ போடுங்க! என்னங்க, கீழ போடுங்க!" என்று கத்தினாள் மங்களேஸ்வரி.

சாவி தார் ரோட்டில் விழுந்தது.

சார்ஜன்ட் வெளியே வந்தார். தொந்தி வைத்த, வயதான மனிதர். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்க வேண்டும், வலக்கையைச் சட்டையில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார். சண்முகராஜா நல்ல சிங்களத்தில் நடந்ததைச் சொன்னார். சார்ஜன்ட் தூரத்திலிருந்தே காரை எட்டிப் பார்த்தார்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தம்புள்ளையிலேருந்து ஆமி வந்து காரைச் சோதிக்கட்டும். அதுவரைக்கும் யாரும் கிட்டப் போகக் கூடாது" என்றார்.

"எத்தன மணிக்கு வருவாங்க, மஹத்தயா?" என்று சிங்கள மரியாதையோடு கேட்டார் சண்முகராஜா.

"பின்னேரமாகும்."

முற்றத்தில் ட்ரக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பினார்கள். லோகு எழுந்து வாசல் பக்கம் பார்த்தான். அம்மாவைக் கண்டதும் பயப்படாதே என்பதுபோலத் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கீழே கிடந்த ரிமோட்டைப் பார்த்தாள். விழுந்த வேகத்தில் பொத்தான் அமுங்கிக்கொண்டதோ என்னவோ, மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு மங்கலாகத் துடித்து அணைந்தது. அது தாயார் வந்த பொட்டல்ல என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இராத்திரி முழுக்க எடைக்கல் அழுத்திப் பிடித்திருந்த பொட்டு. பேட்டரி உயிரை விட்டுக்கொண்டிருந்ததைத்தான் அவள் கன்னத்தில் போட்டுக் கும்பிட்டிருக்கிறாள். மகனுடைய அட்டையைப் பிடித்து வைத்ததும் அவள்தான், இதைக் கொன்றதும் அவள்தான். அழ நேரமிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள்.

ஆனால் செத்த பேட்டரி அவளுக்குப் புதிதல்ல. லயத்தில் ரேடியோ இருந்த வீடு அவர்களுடையது. பேட்டரி தீர்ந்தால் கடைக்கு யார் ஓடுவது? தகரக் கூரையில் வெயிலில் போடுவார்கள், மழை நாளென்றால் அடுப்போரம் வைப்பார்கள். சூடு ஏறிய பேட்டரி ஒரு செய்தியறிக்கைக்காவது தாங்கும்.

"மஹத்தயா," என்றாள். அவளுடைய சிங்களம் தோட்டத்துச் சிங்களம். இலக்கணம் பார்க்காது, போய்ச் சேரும். "பேட்டரி செத்துப்போச்சு. கொஞ்சம் சூடு காட்டுனா ஒரு தரம் வேல செய்யும். ரேடியோ பேட்டரிக்குச் செய்யிற மாதிரி. நான் மட்டும் இங்கேயே குந்திக்கிறேன். துப்பாக்கிய என் மேலேயே வெச்சிருங்க. ஒரு தரம் பாக்க விடுங்க. என் புள்ளய ஏத்துறாங்க."

 பொலிஸ்காரன்தான், துப்பாக்கியை இறக்காமலே, மெதுவாகச் சொன்னான்.

"எங்கம்மாவும் ஓட்டு மேல போடுவாங்க, சேர்."

சார்ஜன்ட் ட்ரக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ட்ரக் ட்ரைவரிடம் கையைக் காட்டி, நில் என்றார்.

அவள் ரோட்டோரத்தில் குந்தினாள். தாலிக் கொடியில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி ரிமோட்டின் இடுக்கில் விட்டு நெம்பினாள். மூடி பிளந்தது. உள்ளே காய்ந்த சந்தனம். சட்டைப் பொத்தான் போல ஒரு வெள்ளிப் பேட்டரி. அதை வெளியே எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். சந்தனத்தைச் சுரண்டிவிட்டுத் தகடுகளையும் துடைத்தாள். பேட்டரியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஊதினாள். கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. அதில் எதைச் சூடாக்குவது?

பொலிஸ்காரன் துப்பாக்கி முனையால் தார்ப் பீப்பாயைக் காட்டினான். உச்சி வெயிலில் அதன் மூடி கொதித்துக்கொண்டிருந்தது. பேட்டரியை அதன்மேல் வைத்தாள்.

ஒரு தேவாரமாவது சொல்லலாமென்று பார்த்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு அடியும் நினைவுக்கு வரவில்லை. சூடேறு, சூடேறு என்று மட்டுமே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. விரலைச் சுடும்வரை விட்டு, எடுத்து, உள்ளே வைத்து மூடினாள்.

"பொறு," என்றார் சார்ஜன்ட். எல்லோரையும் மணல் மூட்டைக்குப் பின்னால் போகச் சொன்னார். தானும் போனார். சண்முகராஜாவைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் "மங்களம், மங்களம்" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். நடு ரோட்டில் அவள் தனியாக நின்றாள். இவர்கள் உண்மையாகவே தன்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. வெங்காய வியாபாரியின் மனைவி, முழங்கால் வலிக்காரி, அவளைக் கண்டு ஒரு பொலிஸ் நிலையமே பதுங்கியிருந்தது. கோபம் வந்தது அவளுக்கு. பாவமாகவும் இருந்தது.

அழுத்தினாள்.

டிக் என்றது. கார் கண்ணடித்தது.

ஓடப் போனவளை "மெதுவா!" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல் அதட்டின. மெதுவாகவே போனாள். கதவைத் திறந்து, அட்டையை வெற்றிலையோடு எடுத்து, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சார்ஜன்ட் அட்டையை வாங்கினார். முகம் தெரியவில்லை, அவ்வளவும் குங்குமம்.

"இது என்ன?"

"நேத்து பூசைக்கு வெச்சோம், மஹத்தயா."

"ஐடென்டியையா?"

"நாங்க ரொம்ப வருசம் இல்லாம இருந்தவங்க."

சார்ஜன்ட் குங்குமத்தைத் தேய்க்கப் போன கட்டைவிரலை நிறுத்திக்கொண்டு அட்டையை அவளிடமே நீட்டினார். "நீங்களே துடைங்க, அம்மே."

தலைப்பால் துடைத்தாள். லோகுவின் முகம் தெரிந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ட்ரக்கில் ஏறியிருந்தவன் இறங்கி வந்தான். அவள் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடி வீடு வரும்வரை விடவேயில்லை. ட்ரக்கின் பின்பக்கம் நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அட்டை கொண்டுவர அன்று யாரும் வந்து சேரவில்லை. ட்ரக் அவர்களைக் கடந்து போனபோது அதில் ஒருவன் லோகுவைப் பார்த்துக் கையை உயர்த்தினான். மங்களேஸ்வரி தரையைப் பார்த்தாள். தன் பிள்ளை கிடைத்த சந்தோசத்தோடு ஒரு வெட்கமும் சேர்ந்துகொண்டது. அது இன்றுவரைக்கும் முழுதாகப் போகவில்லை.

காரை எடுத்துப்போக முடியவில்லை. அந்த ஒரு அழுத்தோடு ரிமோட் கண்ணை மூடிவிட்டது, காரும் தானாகப் பூட்டிக்கொண்டது. கிடக்கட்டும் என்றார் சண்முகராஜா. திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாளைக்குப் புதுப் பேட்டரியோடு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் அந்தப் பொலிஸ்காரன். மாத்தளை பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"என்னங்க."

"ம்."

"கல்லத் தூக்கி சாவி மேல வெச்சது நான்தாங்க. விடிய முன்ன செவப்பா எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. நான் சரஸ்வதின்னு நெனச்சுக் கும்பிட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தாள். அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது, கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்ததால்.

"கும்பிட்டதுதான் கும்பிட்ட, ஒரு கற்பூரத்தயும் காட்டியிருக்கலாம்" என்றார். லோகுவும் சிரித்துவிட்டான்.

அடுத்த புரட்டாசிக்குள் சண்டை முடிந்துவிட்டது. ரோட்டில் செக்பொயின்ட்டுகள் குறைந்திருந்தன. மங்களேஸ்வரி வழக்கம்போலத் தராசைக் கழுவினாள், புத்தகங்களை அடுக்கினாள். கார்ச் சாவியைத் தனி வெற்றிலையில் வைத்தாள், பேட்டரியை முன்கூட்டியே ஊக்கால் நெம்பி எடுத்துவிட்டு.

லோகு சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினான்.

"இந்தாங்கம்மா. சண்டதான் முடிஞ்சிருச்சே. இப்ப வைக்கலாம்."

அவள் அட்டையை வாங்கினாள். ஒரு விரலால் குங்குமம் தொட்டு, அட்டையின் மேலல்ல, அவன் நெற்றியில் வைத்தாள். அட்டையைத் திரும்பவும் அவன் பைக்குள்ளேயே போட்டாள். பிறகு இடுப்பிலிருந்து நாலாய் மடித்த தாளொன்றை எடுத்து விரித்து, சரஸ்வதிக்கு நேரே வெற்றிலையில் வைத்தாள். அது அவனுடைய அட்டையின் போட்டோக்கொப்பி.

"நீ ஏத்துக்குவ, தாயே," என்றாள் படத்தைப் பார்த்து. "அவங்கதான் ஏத்துக்க மாட்டாங்க."